அந்தச் சிவப்புச் சிலிண்டர் எந்த நெருப்புக்கு?

வாசகர் கேள்வி - பதில்

கச்சான் காற்று எழும்பும் மாதங்களில் திருகோணமலையில் ஒரு பொறி விழுந்தால் போதும். வேலி, கிடுகு, குப்பை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். அதனால்தான் சென்ற இதழில் தீயணைப்பான்கள் பற்றிக் கேள்வி அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

உப்புவெளியில் ஆறு அறைகளோடு விடுதி நடத்துகிறேன். 6 கிலோ 'ஏபிசி' பவுடர் சிலிண்டர் நான்கு வாங்கி மாட்டியிருக்கிறேன். எல்லா நெருப்புக்கும் இது போதும் என்று கடைக்காரர் சொன்னார். சரிதானா?
- உப்புவெளி

நெருப்பை அடிக்கும், உண்மைதான். ஆனால் எல்லா நெருப்பையும் அல்ல, எல்லா இடத்திலும் அல்ல.

முதலில் எழுத்துகளைப் பார்ப்போம். பிரித்தானிய, ஐரோப்பிய முறையில் ஏ என்றால் மரம், துணி, கடதாசி, மெத்தை போன்று தணலாகும் பொருள்கள். பி என்றால் பெற்றோல், மண்ணெண்ணெய், பெயின்ற் போன்ற திரவங்கள். சி என்றால் எரிவாயு. டி உலோகம். எஃப் என்றால் பொரிக்கும் எண்ணெய். இந்த முறையில் மின்சாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. அமெரிக்க முறையில் தயாரித்த சிலிண்டரில் அதே சி மின்சாரத்தைக் குறிக்கும், சமையல் எண்ணெய்க்குக் கே என்று போடுவார்கள். இரண்டு வகையும் இலங்கைக் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் எழுத்தை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. அமெரிக்க லேபிளில் 2-ஏ:10-பி:சி என்று கோடும் புள்ளியும் போட்டு எழுதியிருக்கும். ஐரோப்பிய லேபிளில் 21ஏ 113பி என்று ஒட்டி எழுதி, பக்கத்தில் எரியும் பொருளின் படம் போட்டிருப்பார்கள்.

எழுத்தைவிட முக்கியம் அதன் முன்னால் நிற்கும் எண். 13ஏ என்றால் 1.3 மீற்றர் நீளத்துக்கு அடுக்கிய மரச்சட்டக் குவியலைச் சோதனையில் அணைத்தது என்று பொருள். 113பி என்றால் தட்டில் ஊற்றிய 113 லீற்றர் திரவத்தின் தீயை அணைத்தது. அந்த 113 லீற்றரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி எரிபொருள். ஒரே 6 கிலோ சிலிண்டர் ஒரு கம்பனியில் 21ஏ 113பி ஆகவும் இன்னொன்றில் 34ஏ 183பி ஆகவும் வரும். எடை ஒன்று, வேலை வேறு. விலை பேசும்போது கிலோவைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லாத சிலிண்டரைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் விடுதிக்கு வருவோம். பவுடரின் பெரிய குறை, அது மூடிய இடத்தில் மாவு மூட்டை வெடித்தது போலப் பரவுவது. அறைகளுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய விறாந்தையில் 6 கிலோவை அடித்தால் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. இரவில், ஊருக்குப் புதிய விருந்தாளிகள் ஓடும் இடம் அது. இன்னொன்று, மெத்தையில் பிடித்த தீயில் பவுடர் சுவாலையை அடக்கும், உள்ளே போய்க் குளிர்த்தாது. கால் மணித்தியாலம் கழித்து அது மறுபடி புகையும். விறாந்தைக்கு 9 லீற்றர் தண்ணீர்ச் சிலிண்டர் அல்லது 6 லீற்றர் நுரைச் சிலிண்டர் நல்லது. இரண்டும் ஏ வகைத் தீயை நனைத்துக் குளிர்த்தும். பவுடரில் இரண்டை ஜெனரேற்றர் கொட்டிலுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் மாற்றுங்கள். குசினிக்கு எஃப் வகை வேண்டும். அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

தோட்டத்தில் கிடுகுக் கொட்டில் இருந்தால் சிலிண்டர் எதுவுமே இரண்டாம் பட்சம்தான். காய்ந்த கிடுகு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பவுடரை அடித்து அணைத்தாலும் கச்சான் ஊதித் தணலை எழுப்பும். எட்டக்கூடிய தூரத்தில் பைப்பும், அதோடு எப்போதும் பொருத்தியபடியே கிடக்கும் தோட்ட ஹோசும் வைத்திருங்கள். மின்சாரம் போனால் தண்ணீர்ப் பம்பும் போய்விடும், அதனால் மேல்தாங்கித் தண்ணீர் அந்தப் பைப்புக்கு வரவேண்டும்.

உடம்பு சிவப்பாக இருப்பது எல்லாவற்றுக்கும் பொது. பிரித்தானிய முறையில் மேலே ஒரு நிறப்பட்டி இருக்கும்: நுரைக்கு வெண்மஞ்சள், பவுடருக்கு நீலம், காபனீரொட்சைட்டுக்குக் கறுப்பு, சமையல் எண்ணெய்க்கான ஈர இரசாயனத்துக்கு மஞ்சள். தண்ணீருக்கு முழுச் சிவப்பு.

சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறோம். வடை, ரோல்ஸ், பற்றிஸ் பொரிக்கும் பெரிய தாச்சியில் ஒரு நேரத்துக்கு 10 லீற்றர் எண்ணெய் நிற்கும். ஒரு தடவை எண்ணெய் பற்றிக்கொண்டது, மூடியைப் போட்டுத் தப்பித்தோம். எதை வாங்கி வைப்பது?
- அனுராதபுரச் சந்தி

மூடியைப் போட்டது மிகச் சரியான காரியம். எண்ணெய்த் தீ மற்றத் தீக்களைப் போன்றதல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

பொரிக்கும் எண்ணெய் 170, 180 பாகையில் வேலை செய்யும். அதற்கு மேல் புகை விடும். 350 பாகையை நெருங்கும்போது நெருப்பைக் காட்டாமலே தானாகப் பற்றும். அந்த நிலையில் மேலே எரிவது மட்டும் பிரச்சினையல்ல, தாச்சி முழுவதும் இருக்கும் 10 லீற்றரும் பற்றும் சூட்டில் இருக்கிறது. சுவாலையை அணைத்து ஒரு நிமிடம் கழித்துக் காற்றுப் பட்டவுடன் மறுபடி பற்றும். ஆகவே இங்கே அணைத்தால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும், குளிர்த்தவும் வேண்டும்.

தண்ணீர் ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தண்ணீர் எண்ணெயைவிடப் பாரம், அடிக்குப் போகும். போன இடத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1700 மடங்கு பெருக்கும். ஒரு கோப்பை, அதாவது 200 மில்லி லீற்றர், 340 லீற்றர் ஆவியாகி எரியும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு கூரைக்குப் போகும்.

பவுடரையும் காபனீரொட்சைட்டையும் அடித்தால்? இரண்டும் வேகமாகப் பீய்ச்சும். கிட்ட நின்று அடித்தால் எண்ணெயைத் தாச்சிக்கு வெளியே தள்ளிவிடும். இரண்டும் குளிர்த்தாது. ஏபிசி பவுடரில் இருக்கும் அமோனியம் பொசுபேற்று எண்ணெயோடு சேர்ந்து படலம் கட்டவும் மாட்டாது.

உங்களுக்கு வேண்டியது மஞ்சள் பட்டி போட்ட ஈர இரசாயனச் சிலிண்டர். உள்ளே இருப்பது பொற்றாசியம் உப்புகள் கரைந்த நீர். நீண்ட குழாயின் நுனியிலிருந்து மெல்லிய தூறலாக விழும். சூடான எண்ணெயில் பட்டவுடன் அதன் மேற்பரப்பைச் சவர்க்காரமாக்கிவிடும். வீட்டில் தேங்காயெண்ணெயும் காரமும் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சுவார்களே, அதே வேதியியல். அந்தச் சவர்க்கார நுரை காற்றை மறைக்கும், தூறல் சூட்டை இறக்கும்.

எந்த அளவு? லேபிளில் 5எஃப், 25எஃப், 40எஃப், 75எஃப் என்று இருக்கும். அது சோதனையில் அணைத்த எண்ணெயின் லீற்றர். உங்கள் 10 லீற்றர்த் தாச்சிக்கு 25எஃப் போதும். பக்கத்தில் இன்னொரு தாச்சி வைக்கிறீர்கள் என்றால் 40 அல்லது 75 எடுங்கள். சிலிண்டர் 2 லீற்றரா 6 லீற்றரா என்பதைவிட இந்த எண்ணையே கேளுங்கள். திருகோணமலையில் கையிருப்பில் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள். 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று பவுடரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

அடிக்கும் முறை: முதலில் காஸை நிறுத்துங்கள். சுவாலைக்கு மேலால் கையை நீட்டித்தான் அடுப்புச் சுவிட்சைத் தொடவேண்டும் என்றால் அதை விட்டு, காஸ் சிலிண்டர்ப் பக்கம் போய் ரெகுலேற்றரை மூடுங்கள். ஒரு மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நின்று, குழாயின் நுனியை எண்ணெய்க்கு மேலே நீட்டி, மெல்ல வட்டமாகச் சுற்றி அடியுங்கள். தீ அணைந்ததும் நிறுத்தவேண்டாம், சிலிண்டர் முழுவதும் காலியாகட்டும். பிறகு குறைந்தது அரை மணித்தியாலம் தாச்சியைத் தொடாதீர்கள். எரியும் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் குசினிக் காயங்களில் மோசமானது, ஓடும்போது காற்று சுவாலையை ஓடுபவரின் மேலேயே திருப்பும்.

சிலிண்டர் வரும்வரைக்கும், வந்த பிறகும், மூடியைக் கைவிடாதீர்கள். தகரவேலை செய்பவரிடம் தாச்சியின் வாயைவிட நாலு அங்குலம் அகலமாக ஒரு தட்டை மூடி வெட்டி, நீளக் கைபிடி போட்டு எடுங்கள். அதை அடுப்புக்கு மேல் கொழுவாமல் வாசல் பக்கம் கொழுவுங்கள். தீப்பிடித்தால் மேலிருந்து போடாமல் உங்கள் பக்கமிருந்து மறுபக்கத்துக்குச் சறுக்கி மூடுங்கள், மூடியே உங்களுக்குக் கேடயமாக இருக்கும். இடையில் 'அணைஞ்சுதா?' என்று தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

தீப்போர்வை வீட்டுச் சட்டிக்குச் சரி. உங்கள் தாச்சி அளவுக்கு அதை நம்பவேண்டாம். புகைக்கூண்டு வைத்திருந்தால் அதன் வலையில் படியும் கொழுப்பைக் கிழமைக்கு ஒரு தடவை சுரண்டிக் கழுவுங்கள். தீ அந்தக் கூண்டுக்குள் ஏறிவிட்டால் எந்தக் கைச்சிலிண்டரும் எட்டாது.

வீட்டில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர். ரெகுலேற்றர்ப் பக்கம் தீப்பிடித்தால் பவுடர் அடிக்கலாமா?
- பாலையூற்று

அடிக்கலாம், ஆனால் அடித்த கையோடு வாயுவை மூட முடியும் என்றால் மட்டும். ரெகுலேற்றரின் திருகு கைக்கு எட்டினால் மூடுவதுதான் முதல் வேலை. தண்ணீரில் நனைத்த தடித்த துணியையோ சாக்கையோ கையில் சுற்றிக்கொண்டு மூடலாம். வாயு நின்றால் தீ தானாகவே நிற்கும்.

மூட வழியில்லை என்றால் அணைக்காதீர்கள். எரிகிற வாயு கண்ணுக்குத் தெரியும். அணைந்த பிறகு வெளியேறும் வாயு தெரியாது. அது காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படர்ந்து வடிகான் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், அங்கே குளிர்சாதனப்பெட்டியின் பொறியில் ஒரே வீச்சில் பற்றும். ஆட்களை வெளியேற்றி, தள்ளி நின்று சுற்றியுள்ள பொருள்களுக்குத் தண்ணீர் அடித்தபடி 110க்கு அறிவியுங்கள். நகரத் தீயணைப்புப் படையின் நேரடி இலக்கத்தையும் இன்றே கேட்டெழுதி வாசலில் ஒட்டிவையுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

தீ இல்லாமல் மணம் மட்டும் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து வெளியே போங்கள். புதுச் சிலிண்டர் பூட்டும் ஒவ்வொரு தடவையும் மூட்டில் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள், கசிந்தால் குமிழி எழும்பும்.

ஒருநாள் படகு, பைபர். பின்னால் 40 குதிரைவலு எஞ்சின். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஏற்றுகிறோம். என்ன வைக்கலாம், எங்கே வைக்கலாம்?
- திருக்கடலூர்

கரையில் கடலைக் காட்டி 'இவ்வளவு தண்ணீர் இருக்கே' என்பார்கள். பெற்றோல் தண்ணீரில் மிதக்கும். வாளியால் அள்ளி ஊற்றினால் எரியும் பெற்றோல் படகின் அடித்தளம் முழுக்கப் பரவி உங்கள் காலடிக்கு வரும். நுரைச் சிலிண்டர் பெற்றோலுக்கு நல்லதுதான், ஆனால் ஆடும் படகில் பாரமாக நிற்கும். காபனீரொட்சைட்டைக் கடற்காற்று ஒரு நொடியில் கொண்டுபோய்விடும். உங்களுக்கு 2 கிலோ பவுடர்தான் பொருத்தம், லேபிளில் குறைந்தது 34பி இருக்கட்டும். முடிந்தால் இரண்டு வையுங்கள், ஒன்று 8, 10 நொடியில் தீர்ந்துவிடும்.

இரண்டு எரிபொருளையும் ஒன்றாக நினைக்கவேண்டாம். பெற்றோல் எந்த வெயிலிலும் எந்தக் குளிரிலும் பற்றும் ஆவியை விட்டபடியே இருக்கும். அதன் பற்றுநிலை, அதாவது ஆவி பற்றத் தொடங்கும் சூடு, பூச்சியத்துக்கும் 40 பாகை கீழே. மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகைக்கு மேல். சித்திரை வெயிலில் படகின் தளம் அந்தச் சூட்டைத் தாண்டும், ஆக மண்ணெண்ணெயையும் நம்பமுடியாது. ஆவி அடியில்தான் தேங்கும். எஞ்சினை இழுக்க முன்னர் பலகையைத் தூக்கி மணந்து பாருங்கள்.

வைக்கும் இடம்தான் பலர் விடும் பிழை. எரிபொருள் கானுக்குப் பக்கத்தில், எஞ்சின் அருகில், 'கைக்கு வசதியாக' கட்டிவைப்பார்கள். தீப்பிடிக்கப்போவது அதே இடம். சிலிண்டரை அணியப் பக்கம் வையுங்கள். தீயைக் கடந்து எடுக்கவேண்டிய சிலிண்டர் இல்லாததற்குச் சமம்.

தீப்பிடித்தால் எஞ்சினை நிறுத்தி, முடிந்தால் எரிபொருள்க் குழாயைக் கழற்றுங்கள். துடுப்பால் அணியத்தைக் காற்றின் முகத்துக்குத் திருப்புங்கள். சுவாலை பின்னால் போகும், நீங்கள் காற்றுக்கு மேற்புறம் நிற்பீர்கள். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று, சுவாலையின் அடியில், இடமிருந்து வலமாக வாருகோலால் கூட்டுவது போல அடியுங்கள். சுவாலையின் தலைக்கு அடித்தால் பவுடர் முழுவதும் கடலுக்குப் போகும். பெற்றோல் எரிந்து முடிந்து பைபர் மட்டும் புகைந்துகொண்டிருந்தால், அப்போது கடல்தண்ணீரால் குளிர்த்தலாம்.

இனி உப்பு. கடலில் சிலிண்டரைக் கெடுப்பது நெருப்பல்ல, உப்பும் ஆட்டமும். ஆடி ஆடிப் பவுடர் அடியில் இறுகும். கைபிடியைப் பூட்டிவைக்கும் ஊசி, அதாவது 'பின்', துருப்பிடித்துக் கைபிடியோடு ஒட்டிக்கொள்ளும், அவசரத்தில் இழுத்தால் வளையம் மட்டும் கையோடு வரும். மாதத்துக்கு ஒரு தடவை சீலை உடைக்காமல் பின்னை இலேசாகச் சுழற்றிப் பாருங்கள், அசையவேண்டும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். சிலிண்டரின் அடிவளையத்துக்குள் உப்புநீர் தேங்கும், துரு அங்கேதான் தொடங்கும். கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பலநாள் படகுக்காரருக்கு ஒரு வரி: எஞ்சின் அறைக்குக் காபனீரொட்சைட்டு சரி. கதவைத் திறக்காமல் சிறு துவாரத்தால் அடியுங்கள். உள்ளே ஆள் இல்லை என்று தலை எண்ணிய பிறகுதான்.

கொமினிகேஷன் கடை. போட்டோக்கொப்பி இயந்திரம் இரண்டும் கணினி நான்கும் இருக்கின்றன. 2 கிலோ காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வாங்கினேன். அதில் அழுத்தம் காட்டும் கேஜ் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
- மத்திய வீதி

இல்லை, அதில் கேஜ் இருக்காது. உள்ளே வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கும். பாதி தீர்ந்தாலும் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், அதனால் முள் பொய் சொல்லும். நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். வால்வு அல்லது உடம்பின் தோளில் வெற்று எடையோ முழு எடையோ பொறித்திருக்கும். வாயுவில் பத்திலொரு பங்கு குறைந்தால், அதாவது உங்கள் 2 கிலோ 1.8க்குக் கீழே போனால், மறுபடி நிரப்பவேண்டும். ஆள் நிறுக்கும் தராசில் 200 கிராம் தெரியாது. மீன் கடையில் தொங்கும் டிஜிற்றல் தராசில் கொழுவிப் பாருங்கள், சரியாகக் காட்டும்.

கணினிக்கு இதுதான் சரி. பவுடர் அடித்தால் தீ அணையும், ஆனால் அந்த உப்புப் பொடி சர்க்கியூட்டுக்குள் புகுந்து, நம் ஊர் ஈரக்காற்றில் கசிந்து, எரியாத இயந்திரத்தையும் அரித்துவிடும். எந்தச் சிலிண்டராக இருந்தாலும் முதலில் மெயின் சுவிட்ச். கறண்ட் நின்ற பிறகு அது வெறும் பிளாஸ்ரிக், கடதாசித் தீதான்.

மூன்று எச்சரிக்கை. அடிக்கும்போது கூம்பைப் பிடிக்காதீர்கள், அது மறை 78 பாகைவரை குளிர்ந்து தோலோடு ஒட்டும். கைபிடியைப் பிடியுங்கள். இரண்டாவது, கடதாசிக் கட்டில் சுவாலை அணைந்தாலும் தணல் உள்ளே இருக்கும். மின்சாரம் நின்றதை உறுதிசெய்து தண்ணீர் ஊற்றி முடியுங்கள். மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2 கிலோ திரவம் வெளியே வந்தால் ஒரு கன மீற்றருக்குச் சற்று மேல் வாயு. உங்கள் கடை 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் உயரம் என்று வைத்தால் உள்ளே இருப்பது 10 கன மீற்றர் காற்று. அதில் பத்திலொன்று காபனீரொட்சைட்டாகிவிடும், அந்த அளவு ஆளை மயக்கிவிழுத்தப் போதும். வாசலில் நின்று அடியுங்கள், அடித்துவிட்டு வெளியே வாருங்கள், கதவைத் திறந்துவிடுங்கள்.

மின்சார ஸ்கூட்டரின் பற்றரியை இரவில் விறாந்தையில் சார்ஜ் போடுகிறோம். அதற்கு எந்தச் சிலிண்டர்?
- உவர்மலை

லிதியம் பற்றரிக்குக் கைச்சிலிண்டரை நம்பவேண்டாம். அது வெளிக்காற்றால் மட்டும் எரிவதல்ல. ஒரு செல் சூடேறி அடுத்ததைச் சூடேற்றிச் சங்கிலியாகப் போகும். பவுடரும் காபனீரொட்சைட்டும் சுவாலையைத் தட்டிவிடும், செல் உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது தண்ணீர்தான், அதுவும் நிறைய, நீண்ட நேரம். புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும்.

ஆகவே இடத்தை மாற்றுங்கள். படுக்கையறை வாசலிலோ மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போடாதீர்கள், தீ வந்தால் தப்பும் வழியை அதுவே அடைக்கும். கொட்டிலில், சீமெந்து நிலத்தில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். விழுந்து அடிபட்ட, வீங்கிய பற்றரியைச் சார்ஜ் போடவே கூடாது.

சிலிண்டர் வாங்கி ஆறு வருடம். முள் பச்சையில்தான் நிற்கிறது. நிரப்பத் தேவையா? இடையில் ஒரு தடவை வேலை செய்கிறதா என்று சும்மா கொஞ்சம் அடித்துப் பார்த்தோம்.
- கிண்ணியா

அந்தச் 'சும்மா கொஞ்சம்' போதும். பவுடர்ச் சிலிண்டரை ஒரு நொடி அழுத்தினாலும் வால்வின் இருக்கையில் பொடி சிக்கும், வால்வு இறுக மூடாது. இரண்டு கிழமையில் அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். உங்கள் முள் இன்னும் பச்சையில் நிற்கிறது என்றால் ஒன்று அதிர்ஷ்டம், அல்லது முள் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேஜின் கண்ணாடியை விரலால் தட்டிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் முள் துருவேறி நிற்பது சாதாரணம்.

பவுடர், நுரை, தண்ணீர் வகைகளை வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து, 5 வருடத்தில் முழுவதும் வெளியேற்றித் திறந்து பார்த்துப் புதிதாக நிரப்பவேண்டும். காபனீரொட்சைட்டுக்கு 10 வருடத்தில் அழுத்தச் சோதனை. உங்களுடையது தவணை தாண்டிவிட்டது.

நிரப்பக் கொடுக்கும்போது துணியால் துடைத்துப் புது ஸ்ரிக்கர் ஒட்டித் தரும் கடைகளும் உண்டு. அதனால் சில கேள்விகளைக் கேளுங்கள். பழைய பவுடரைக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள், கட்டி கட்டியாக வந்தால் உங்கள் சிலிண்டர் இதுவரை வெறும் அலங்காரம்தான். வால்வின் ரப்பர் வளையம் மாற்றினார்களா? எதனால் அழுத்தம் ஏற்றினார்கள்? உலர்ந்த நைதரசன் ஆக இருக்கவேண்டும். ரயர்க் கடைக் கொம்பிரசர்க் காற்றை ஏற்றினால் அதோடு ஈரமும் போகும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, சில மாதங்களிலேயே பவுடர் இறுகும். திரும்பி வந்த சிலிண்டரைத் தராசில் வைத்து லேபிளில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். உடம்பில் கொப்புளமாகத் துருவோ அடிபட்ட பள்ளமோ இருந்தால் நிரப்பாமல் கழித்துவிடுங்கள்.

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். 4 கிலோவுக்கு மேற்பட்ட சிலிண்டரின் கைபிடி நிலத்திலிருந்து ஒரு மீற்றரில், சிறியது ஒன்றரை மீற்றரில். வெயில் படும் சுவரில் வேண்டாம். கதவுக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

கோயில் திருவிழாப் பந்தலுக்கு எத்தனை சிலிண்டர் வைக்கவேண்டும்? மணல் வாளி போதாதா?
- சாம்பல்தீவு

பந்தலில் இருப்பது கிடுகு, துணி, சோடனைக் கடதாசி, அதாவது முழுக்க ஏ வகை. அதற்குத் தண்ணீரே ராஜா. 9 லீற்றர்த் தண்ணீர்ச் சிலிண்டர் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஓடும், கூரை வரைக்கும் எட்டும். பந்தலில் எங்கே நின்றாலும் 30 மீற்றருக்குள் ஒன்று கைக்குக் கிடைக்கும்படி வையுங்கள். நாலு மூலையிலும் வாளியோடு தண்ணீர்ப் பீப்பாய்கள். ஜெனரேற்றர்ப் பக்கம் மட்டும் ஒரு 6 கிலோ பவுடர். சோடனை விளக்கு வயர்கள் துணியோடு உரசாமல், ஒரே சுவிட்சில் முழுவதும் நிற்கும்படி கட்டச் சொல்லுங்கள்.

மணல் வாளி கற்பூரச் சட்டிக்கும் சிந்திய விளக்கெண்ணெய்க்கும் நல்லது. வெற்றிலைத் துப்பல் விழாமல் மூடி போட்டு வைத்தால் தேவையான நேரத்தில் மணலாகவே இருக்கும்.

யாருடைய சேலையிலாவது தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள். நிலத்தில் படுக்கவைத்து உருட்டுங்கள், நனைந்த சாக்கோ தடித்த பருத்தித் துணியோ போர்த்தி அமர்த்துங்கள். அதன்பிறகு 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசை, மை, நெய் எதுவும் பூசவேண்டாம். அம்புலன்ஸ் இலக்கம் 1990.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் தீப்பிடித்தால் தண்ணீர் அடிப்பார்களா, பவுடரா? பாடசாலைப் போட்டிக்குத் தேவை.
- மாணவர், சீனக்குடா

நுரை. தண்ணீரில் 3 அல்லது 6 வீதம் நுரைத் திரவத்தைக் கலந்து காற்றோடு அடித்தால் எண்ணெயைவிட இலேசான போர்வை கிடைக்கும். அது எண்ணெயின் மேல் மிதந்து ஆவி எழும்பாமல் தடுக்கும். வெறும் தண்ணீரை அடிப்பது பக்கத்துத் தாங்கியின் சுவரைக் குளிர்த்த. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் சீனக்குடாவில் ஒரு தாங்கி எரிந்து அழிந்ததை உங்கள் கட்டுரையில் சேர்க்கலாம்.

எறிந்தால் தானே வெடித்து அணைக்கும் பந்து ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?
- நிலாவெளி

உள்ளே இருப்பது அதே ஏபிசி பவுடர். சுவாலை பட்டுச் சில நொடிகளில் வெடிக்கும். ஆள் இல்லாத மின்பலகைக்கு மேல் கொழுவி வைக்க உதவும். கையால் எறிவதற்கென்று வாங்கினால், அது உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடும். அதே காசுக்கு எண் போட்ட ஒரு சிலிண்டரை வாங்குங்கள். தாச்சிப் பக்கம் இந்தப் பந்தைக் கொண்டுபோகவே வேண்டாம்.